இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன்

யாராவது கோபத்தில் வாய்க்கு வந்ததைப் பேசினால் அக்கா சண்டைக்குப் போக மாட்டார். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்பார். அதில் கிண்டல் இருக்காது. நிஜமாகவே எழுதத்தான் கேட்பார். இரண்டாவது தடவை சொல்லும்போது பாதிப் பேருக்குக் குரல் இறங்கிவிடும். மீதிப் பேர், "விடுக்கா, ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்" என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

திண்டிவனத்தில் பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிர்வரிசையில் அக்கா பத்திரம் எழுதினார். பக்கத்துக் கடை என்னுடையது. ஜெராக்ஸ், டிடிபி. இரண்டு கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவர் கடையில் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். எந்தப் பத்திரமானாலும், எத்தனை பக்கமானாலும், கையெழுத்துப் போடுகிறவர் முன்னால் வரிக்கு வரி வாய்விட்டுப் படிப்பார். மற்ற கடைகளில் "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அவ்ளோதான்" என்று கட்டைவிரலைப் பிடித்து வைத்து அனுப்பிவிடுவார்கள். அக்காவிடம் அது நடக்காது.

ஒருமுறை மண்டகப்பட்டிலிருந்து அண்ணன் தம்பி இருவர் பாகப்பிரிவினைக்கு வந்திருந்தார்கள். கிணற்றுப் பாதையில் தகராறு. அண்ணன் எழுந்து, "இவன் எனக்குத் தம்பியே இல்ல, போடா" என்று கத்தினார். அக்கா எழுதினார். எழுதி முடித்துப் படித்தார். "மேற்படி ஒன்றாம் நபருக்குத் தம்பி அல்லாதவரான இரண்டாம் நபர்... சரிதானுங்களா? தம்பி இல்லன்னா பங்கும் இல்ல, பாதையும் இல்ல. அப்படியே வச்சிக்கலாமா?" அண்ணன் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "அடிச்சிடுக்கா அத" என்றார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் சிரித்துவிட்டேன்.

அவர் ஏன் இப்படி என்று ஊரில் ஒரு கதை உண்டு. அவருடைய அப்பாவுக்கு மூன்று தலைமுறைக்குப் பிறகு கிடைத்த அரை ஏக்கர், படித்துக் காட்டாத ஒரு காகிதத்தில் வைத்த கைநாட்டால் போய்விட்டதாம். நான் ஒருநாள் அதைக் கேட்டேன். "அதெல்லாம் சும்மா. எனக்கு வலது காது மந்தம். அதான் எல்லாத்தையும் திருப்பிக் கேக்கறேன்" என்றார். இன்றுவரை எது உண்மை என்று எனக்குத் தெரியாது.

என்னைக் கட்சிக்குக் கூட்டிப்போனது அவர்தான். கட்சியின் பெயர் இங்கே வேண்டாம். பெயரில் இருந்த எழுத்துகளைவிட ஆட்கள் குறைவு. மொத்தம் பதினோரு பேர், செஞ்சி ரோட்டில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை. நான் சேர்ந்ததற்குக் காரணம் என் அப்பா. ஒருநாள் ரயில் டிக்கெட் எடுக்கப் போய், கவுன்ட்டரில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாமல், அப்பாவுக்கு வேறெதுவும் தெரியாமல், நிரப்பாத பாரத்தோடு திரும்பி வந்துவிட்டார். "என் ஊர்லயே நான் ஊமையாயிட்டேன்டா" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவுக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் அவர் கோபம் நடக்கும் விதம் வேறு. ஒரு வங்கிக் கிளையில் பாரங்கள் தமிழில் இல்லை என்று மனுமேல் மனு எழுதினார். பதில் வரவில்லை. தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் கடையை விட்டுவிட்டு அந்த வங்கிக்குப் போய் நின்றுகொள்வார். வருகிற கிழவிகளுக்கு பாரத்தைத் தமிழில் சொல்லி நிரப்பித் தருவார். வாட்ச்மேன் கேட்டதற்கு, "நீங்க அச்சடிக்கறவரைக்கும் நான்தான் உங்க தமிழ் பாரம்" என்றாராம். நாலு மாதத்தில் தமிழ் பாரம் வந்தது. அன்று டயர் கடை மாடியில் பதினோரு பேரும் போண்டா சாப்பிட்டோம். கட்சியின் வரலாற்றில் நாங்கள் முழுதாக ஜெயித்தது அது ஒன்றில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை அக்காதான் எழுதுவார். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே எழுதி, கூட்டம் முடிவதற்குள் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார்.

அப்போதுதான் அந்தத் தம்பி வந்தான். எங்கள் தெருவிலேயே செல்போன் கடையில் வேலை பார்த்தவன். இருபத்து நாலு வயது இருக்கும். கஸ்டமர் ஒருவரிடம் அவன் தகராறு செய்துகொண்டிருந்ததை அக்கா நின்று கேட்டார். தகராறு எதைப் பற்றி என்பதை அவர் கவனிக்கவில்லை. குரலைத்தான் கவனித்தார். "இந்தக் குரல மைக்குல கேக்கணும்பா" என்றார் என்னிடம். அவரே போய்ப் பேசிக் கட்சிக்கு அழைத்து வந்தார். "அவன மேடை ஏத்தனது நான்தான். அத மறைக்க மாட்டேன்" என்று பிற்காலத்தில் யார் கேட்டாலும் சொல்வார்.

தம்பியிடம் பிடிக்காமல் போக எதுவும் இல்லை. ஒருமுறை பேர் கேட்டால் மறக்க மாட்டான். உங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்று போன மாதம் சொல்லியிருந்தால் இந்த மாதம், "பாப்பாவுக்கு இப்ப பரவால்லையாண்ணே" என்பான். கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டில் அவனுடைய முதல் பேச்சு. மயிலம் பஸ்சுக்கு நின்றிருந்தவர்களையும் சேர்த்து நாற்பது பேர் இருப்பார்கள். தன் அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதையும், அவர்கள் கொடுத்த சீட்டைப் படிக்கத் தெரியாமல் தவறான வரிசையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததையும் சொன்னான். பஸ் வந்தது. யாரும் ஏறவில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து விழுப்புரத்தில் பேசினான். அங்கே கூட்டம் ஐந்நூறைத் தாண்டும். அந்தப் பேச்சில் அவன் அம்மா வரிசையிலேயே மயங்கி விழுந்து செத்துப்போனார். ஜனம் விம்மியது. அக்கா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அந்த அம்மாவே அக்கா கடைக்கு வந்தார், வாரிசு சான்று விஷயமாக. கையில் வேகவைத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், ஒரு பொட்டலம்.

"உங்க புள்ள நேத்து பேசனத கேட்டீங்களா?" என்றார் அக்கா.

"கேக்கல. பக்கத்து வூட்டுக்காரி சொன்னா. என்னைச் சாவடிச்சிட்டானாமே!" அந்த அம்மா வாய்கொள்ளாமல் சிரித்தார். "போனா போறேன் போ. அவன் நல்லா வரட்டும்."

தம்பி வந்ததும் அக்கா குறிப்பேட்டைத் திறந்தார். "அம்மா செத்ததா சொன்னதை எழுதியிருக்கேன் தம்பி. படிக்கிறேன், கையெழுத்துப் போடு."

"அக்கா, பேச்சுக்கு ஒரு வேகம் வேணும்க்கா" என்று அவர் காலைத் தொடப் போனான்.

"வேகத்துக்கு அம்மாதான் கிடைச்சாங்களா? அடுத்த தடவை யாரு?"

அவன் சிரித்தான். கையெழுத்துப் போடவில்லை. அடுத்த தடவை யார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பிறகு ஒரு வீடியோ. ஹைவே ஓட்டல் ஒன்றில் தட்டு எடுக்கும் வடநாட்டுப் பையனிடம், "தமிழ்ல பேசு, இல்ல கிளம்பு" என்று தம்பி விரல் நீட்டிப் பேசியதை யாரோ எடுத்துப் போட்டார்கள். மூன்று நாளில் ஊர் ஊராகப் போய்விட்டது. அதற்கு முன் எங்கள் மனுக்களைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணலாம். அந்த வீடியோவுக்குப் பிறகு டயர் கடை மாடிப்படியில் செருப்பு விட இடமில்லை. வங்கியையும் ரயில் கவுன்ட்டரையும் யாரும் பேசவில்லை. தம்பி தலைவரானான். பழைய தலைவர் உடம்பு சரியில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்.

கூட்டங்களில் "அவனுங்க" என்ற சொல் வர ஆரம்பித்தது. அவனுங்க வேலையைப் பிடுங்கறானுங்க, அவனுங்க பொண்ணுங்களைப் பார்க்கிறானுங்க. அக்கா ஒவ்வொரு முறையும் தலைநிமிர்ந்து, "அவனுங்கன்னா யாரு? பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்பார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எரிச்சல்பட்டார்கள். "இந்த அக்கா ஒரே பேஜாரு" என்று என் காதுபடவே சொன்னார்கள். விலகிவிடுங்களேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"இந்தக் கட்சி குடுத்த மனு மொத்தமும் நான் எழுதனது. நேத்து வந்தவனுக்காக நான் ஏன் போவணும்?" என்றார்.

அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செஞ்சி ரோட்டில் வல்லம் பக்கத்தில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் காலையிலிருந்து காணவில்லை. பத்து மணிக்குள் எல்லாப் போனிலும் செய்தி வந்துவிட்டது. பக்கத்து ரைஸ் மில்லில் வேலை செய்யும் வடநாட்டு ஆட்கள்தான் தூக்கிவிட்டார்கள், அவர்கள் மில் ஷெட்டில்தான் தங்கியிருக்கிறார்கள் என்று. தலைவர் அவசரக் கூட்டம் போட்டார். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். இருநூறு பேர் இருப்போம். எங்கும் செல்போன்கள் தூக்கிப் பிடித்திருந்தன.

தலைவர் பத்து நிமிடம்தான் பேசினார். அந்தக் குரலை அவ்வளவு அருகில் கேட்டவர்களுக்குத்தான் அதன் வேகம் தெரியும். "பொழுது சாயறதுக்குள்ள அந்த ஷெட்டுல ஒருத்தன் இருக்கக் கூடாது" என்றார். பின்னாலிருந்து ஒருவன், "கொளுத்திடலாம் தலைவரே!" என்றான். "கொளுத்துங்க!" என்றார் தலைவர். மண்டபமே கத்தியது. நானும் கத்தினேன். அதை இங்கே சொல்லாமல் விட்டால் அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சத்தம் அடங்கும்வரை அக்கா எழுதிக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து மேடையிலிருந்த இரண்டாவது மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"தலைவர் சொன்னத எழுதிட்டேன். படிக்கிறேன், எல்லாரும் கேட்டுக்குங்க." பத்திரம் படிக்கும் அதே குரல். "திண்டிவனத்தில் வசிக்கும் நான், சுயநினைவோடும் முழு மனதோடும், பிறர் தூண்டுதல் இல்லாமலும் சொல்வது என்னவென்றால், வல்லம் பக்கத்து மில் ஷெட்டில் குடியிருக்கும் இருபத்திரண்டு பேரை, அதில் பெண்கள் நாலு, கைக்குழந்தை ஒன்று, இன்று பொழுது சாய்வதற்குள் உயிரோடு கொளுத்த வேண்டும். இதைப் படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு, சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போடுகிறேன்."

இருபத்திரண்டு பேர் என்றோ கைக்குழந்தை என்றோ அதுவரை யாரும் சொல்லவில்லை. காலையில் செய்தி வந்ததுமே அக்கா அந்த மில் கணக்கப்பிள்ளைக்குப் போன் செய்து விசாரித்திருந்தார். எங்களில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

பேனாவைத் தலைவரிடம் நீட்டினார். "போடு தம்பி."

தலைவர் பேனாவை வாங்கினார். போட்டுவிடுவார் என்றே நினைத்தேன். அவர் கண் ஒருமுறை மண்டபத்தைச் சுற்றியது. தூக்கிப் பிடித்த போன்கள் அத்தனையும் அவரைத்தான் எடுத்துக்கொண்டிருந்தன. பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

அக்கா விடவில்லை. "சரி, சாட்சி யாரு?" என்று முன்வரிசையிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவரையும் பேர், அப்பா பேர், ஊரோடு. பத்திரம் எழுதுகிறவருக்கு ஊரில் யாருடைய அப்பா பேர்தான் தெரியாது? கூப்பிடப்பட்டவர்கள் கீழே பார்த்தார்கள். ஆறாவதாக என்னைக் கூப்பிட்டார். நானும் கீழே பார்த்தேன். "மைக்க ஆஃப் பண்ணு" என்று தலைவர் கத்தினார். அதற்குள் பின்வரிசை கலைந்துவிட்டது.

ஆனால் பத்துப் பதினைந்து பேர் பைக்கை எடுத்துக்கொண்டு செஞ்சி ரோட்டில் கிளம்பியதை அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். நேராக என்னிடம் வந்தார்.

"வண்டிய எடுப்பா. ஜல்தி."

"அக்கா, போலீசுக்குச் சொல்லிடலாம்..."

"போய்க்கினே சொல்லிக்கலாம். எடு."

வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து போலீசிடம் பேசிக்கொண்டே வந்தார். பைக்குகள் பெட்ரோல் பங்கில் நின்றிருந்தன. கேனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் நாங்கள் முந்தினோம்.

ஷெட் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். அக்கா வாசலில் கிடந்த தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, மண்டபத்தில் எழுதிய காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஓடிவிடலாமா என்றுதான் கால் நினைத்தது. வண்டிச் சாவி கையிலேயே இருந்தது.

அவர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவனைப் பார்த்து அக்கா, "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு வூட்ட செட்டில்மென்ட் பண்ணீங்களே, அந்தப் பத்திரம் நான் எழுதனது. அதே பேர இதுலயும் எழுதட்டுமா?" என்றார். அவன் கேனைக் கீழே வைத்தான். அடுத்தவனை அவன் தாத்தா பேர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாவதாக ஒருவன் பின்னாலிருந்து கல்லை எறிந்தான். அக்காவின் புருவத்துக்கு மேலே பட்டது. ரத்தம் மூக்கோரமாக இறங்கிக் காகிதத்தில் சொட்டியது. புறங்கையால் துடைத்துவிட்டு, "யாருப்பா அது? பேரு சொல்லு" என்றார்.

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம் அந்த இரண்டடி.

அப்போது ஒருவனுக்குப் போன் வந்தது. காணாமல்போன குழந்தை மயிலத்தில் அத்தை வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறது. மாமா வந்து கூட்டிப்போனது அம்மாவுக்குத் தெரியாது. போனை வைத்தவன் மற்றவர்களிடம் மெதுவாகச் சொன்னான். பைக்குகள் திரும்பின. போலீஸ் ஜீப் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஷெட் கதவு திறந்து ஒரு பெண் வெளியே வந்தாள். இடுப்பில் குழந்தை. தன் துப்பட்டாவைக் கிழித்து அக்காவின் நெற்றியில் கட்டிக்கொண்டே படபடவென்று ஏதோ சொன்னாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. பழக்கத்தில் பேனாவை எடுத்து, "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். அவள் திரும்பச் சொன்னாள். அக்கா கேட்ட ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுத்துக் கூட்டி எழுதி, தப்பும் தவறுமாகப் படித்துக் காட்டினார். அவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்த அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு ஆள் வந்து, "தண்ணி குடி, தல சுத்தும் சொல்லுது" என்றான். அக்கா தண்ணீர் குடித்தார்.

அந்த வாரமே அக்காவை நீக்கிக் கட்சி அறிக்கை விட்டது. அதை டைப் செய்தது நான். "தொழில்தானே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெற்றியில் ஐந்து தையலோடு அக்கா தடுப்பைத் தாண்டி வந்து என் ஸ்க்ரீனைப் பார்த்தார்.

"'கட்சிக் கட்டுப்பாடு'. நடுவுல 'க்' விட்டிருக்க பாரு" என்றார்.

போட்டேன்.

"'கட்சி விரோத நடவடிக்கை'ன்னு மொட்டையா இருக்கே. இன்னா நடவடிக்கைன்னு எழுதச் சொல்லு. கொளுத்த வேணாம்னு சொன்னாங்கன்னு எழுதட்டும், எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகும் நாலு மாதம் நான் அந்தக் கட்சியில் இருந்தேன். ஏன் இருந்தாய் என்று அவர் கேட்டதே இல்லை. விலகிய அன்று கேட்டார், "மத்தியானம் சாப்ட்டியா?" என்று.

தலைவருக்கு எதுவும் ஆகவில்லை. மண்டபத்தில் எடுத்த வீடியோக்களில் அக்கா பேசியதை வெட்டிவிட்டுத் தலைவர் பேசிய பத்து நிமிடத்தை மட்டும் பரப்பினார்கள். அது அவரைச் சென்னைவரை கொண்டுபோனது. இன்று அவர் வந்தால் பத்துக் கார் வருகிறது. அக்கா கடையில் கூட்டம் குறைந்தது. பதிவு வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. மத்தியானத்தில் அந்த மில்லுக்குப் போய் அங்கிருந்தவர்களுக்கு ரேஷன், ஆதார் பாரங்களை நிரப்பித் தந்தார். அவர்களுக்குத் தமிழ் எழுத்தும் சொல்லிக் கொடுத்தார். "தமிழ் பரவணும்னுதான கட்சி ஆரம்பிச்சோம்?" என்றார். அதையும் கிண்டலாகச் சொல்லவில்லை.

போன தேர்தல் சமயத்தில் விழுப்புரத்தில் தலைவரின் பெரிய கூட்டம். ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாங்கள் திரும்பும் வழியில், சாயந்திரம் ஐந்து மணி வெயிலில், அந்த மைதானத்தைக் கடந்தோம். "கொஞ்ச நேரம் கேட்டுட்டுப் போலாம்" என்றார் அக்கா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் நின்றார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வேறெதுவும் செய்யவில்லை.

தலைவர் பார்த்துவிட்டார். ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்புறம் கால் மணி நேரம் விவசாயம், பஸ் வசதி, பள்ளிக்கூடம் என்று பேசினார். நன்றாகவே பேசினார். கூட்டேரிப்பட்டில் பேசிய அந்தப் பையன் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. "அவனுங்க" என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. கூட்டம் நெளிய ஆரம்பித்தது.

"பஸ்சுக்கு நேரமாச்சுக்கா" என்றேன். கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து திண்டிவனம் பஸ்சில் நான் கால் வைத்தபோது, ஸ்பீக்கரில் அந்தக் குரல் ஏறியது. அவனுங்க, அவனுங்க, அவனுங்க. ஜனம் ஆர்ப்பரிக்கும் சத்தம் அங்கேவரை கேட்டது.

அக்கா படியில் ஏறவில்லை. நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"நீ போப்பா. நான் அடுத்த பஸ்சுல வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே மைதானத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். முழங்கால் வலியோடு கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்தார்.

கண்டக்டர் விசில் அடித்தார். நான் படியிலிருந்த காலைக் கீழே வைத்தேன்.